அட்டையில் வெட்டப்பட்ட செய்தித்தாள்

அஸர் நஃபீசியின் 'டெஹ்ரானில் லோலிடா வாசித்தல்' (2003) கையில் கிடைத்தால் முதலில் அட்டையைப் பாருங்க. முக்காடு போட்ட ரெண்டு இளம்பெண்கள் தலை குனிஞ்சு எதையோ பார்க்கிறாங்க. தலைப்போட சேர்த்துப் பார்த்தா ஏதோ ஒளிச்சு வெச்ச நாவல்னுதான் தோணும். உண்மையில் அவங்க வாசிச்சது ஒரு செய்தித்தாள், அதில் ஈரானின் தேர்தல் செய்தி. தாளை வெட்டிட்டு முகங்களை மட்டும் அட்டையில் போட்டிருக்காங்க. 2006ல் ஹமீத் தபாஷி எழுதிய காட்டமான கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார்.

நஃபீசி அமெரிக்கப் பேரரசுக்குச் சேவகம் செய்கிறார் என்பது தபாஷியின் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முக்காடு போட மறுத்ததால் 1981ல் டெஹ்ரான் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். பிறகு வேறொரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து, அதையும் விட்டுட்டு, 1995 இலையுதிர் காலத்தில் ஏழு மாணவிகளை வியாழக்கிழமை காலைகளில் வீட்டுக்கு அழைச்சு நாவல் பேச ஆரம்பிச்சார். 1997ல் நாட்டை விட்டுப் போகும்வரை அது நடந்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தா ஆபத்து என்பதால் ஆர்வமா இருந்த ஒரு மாணவரோட தனியாப் பேச வேண்டியிருந்தது. இதையெல்லாம் அனுபவிச்சவரை 'ஏவல் ஆள்'னு ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.

புத்தகத்தின் உயிர், அவர் லோலிடாவை வாசிக்கிற விதத்தில் இருக்கு. அந்தச் சிறுமியோட பேர் டோலரஸ். லோலிடா என்பது ஹம்பர்ட் வெச்ச பேர். அவளைப் பத்தி நமக்குத் தெரியறதெல்லாம் அவன் சொல்றதுதான். ஒருத்தரோட வாழ்க்கையைப் பிடுங்கி, அதில் தன் கனவைத் திணிக்கிறதுதான் குற்றம் என்கிறார் நஃபீசி. தங்கள் உடம்பும் உடையும் சிரிப்பும் இன்னொருத்தரோட கற்பனைக்குள் அடைபட்ட அந்த மாணவிகளுக்கு இது எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சிருக்கும்! ஆனா ஈரான்தான் லோலிடா, ஆட்சிதான் ஹம்பர்ட்னு நேரா பொருத்த வேண்டாம்னும் அவரே எச்சரிக்கிறார். பல விமர்சகர்கள் இந்த எச்சரிக்கையைத் தாண்டிக் குதிச்சிடறாங்க.

எனக்கு இன்னும் பிடிச்சது கேட்ஸ்பி விசாரணை. புரட்சிக்குப் பிறகான கொந்தளிப்பு நாட்களில், வகுப்பிலேயே நாவலைக் கூண்டில் ஏத்துறாங்க. ஒழுக்கக்கேடுன்னு வாதாட ஒரு மாணவர், எதிர்வாதத்துக்கு ஒரு மாணவி. பிரதிவாதியான புத்தகமா உட்கார்ந்தது நஃபீசியே. இங்கே வாசிப்பு ஒளிஞ்சு நடக்கலை, எதிரிக்கும் பேச இடம் இருந்தது. வீட்டு வகுப்பில் அந்த எதிர்க்குரல் இல்லை. வர்றவங்களையெல்லாம் ஆசிரியையே தேர்ந்தெடுத்திருந்தார். எதிர்ப்புங்கிற வார்த்தை கேட்ஸ்பி வகுப்புக்குத்தான் கூடுதலாப் பொருந்துதுன்னு நினைக்கிறேன்.

இன்னொரு இடைவெளியும் இருக்கு. புத்தகத்தின் நாலு பாகங்களுக்கும் லோலிடா, கேட்ஸ்பி, ஜேம்ஸ், ஆஸ்டின்னு பேர். அதே நாட்டில் ஷர்நூஷ் பார்சிபூரின் 'ஆண்களற்ற பெண்கள்' 1989ல் வெளிவந்து தடை செய்யப்பட்டது. பார்சிபூர் சிறைக்குப் போனார். ஃபாத்திமே கெஷாவர்ஸ் 2007ல் எழுதிய மறுப்பு நூல் இந்தப் பக்கத்தைத்தான் அழுத்துது: ஈரானியர்கள் தங்கள் சொந்த இலக்கியத்தை வாசிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. வெளிநாட்டு நாவல்தான் அவங்களுக்குச் சுவாசம் தந்ததுன்னு சொன்னா, அட்டையில் செய்தித்தாளை வெட்டின வேலையைப் புத்தகமும் கொஞ்சம் செய்யுதுன்னுதான் அர்த்தம். ஹம்பர்ட் மேல் நஃபீசி வெச்ச அதே குற்றச்சாட்டு, சின்ன அளவில், அவர் பக்கமும் திரும்புது.

மாணவிகளோட பாதுகாப்புக்காகப் பேர்களையும் அடையாளங்களையும் மாத்தியிருக்கார். அது நியாயம்தான். அந்த ஏழு பேரில் யாராவது தன் கணக்கில் இதே வியாழக்கிழமைகளை எழுதினா உடனே வாங்கிடுவேன். அன்னிக்கு மேசையில் நபக்கோவ் பக்கத்தில் பார்சிபூரும் இருந்திருந்தா பேச்சு எந்தப் பக்கம் போயிருக்கும்னு கேட்கணும்.