அரூப நாயகர்களும் சின்னத்திரையும்

பிறர் கண்ணில் படாமல் உலவும் சக்தி ஒருவனுக்குக் கிட்டிவிட்டால் அவன் தர்மத்தின் வழியில் நிற்பானா என்னும் வினாவை, லிடிய நாட்டு இடையன் ஒருவனுடைய மோதிரக் கதையின் வாயிலாகப் பிளேட்டோவின் ‘குடியரசு’ எழுப்புகிறது; நில்லான் என்பதே, 1897-ல் வெளிவந்த ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலில் எச்.ஜி. வெல்ஸ் அளித்த விடை. பின்னாளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தயாரான தொலைக்காட்சிச் சாகசத் தொடர்கள், வெல்ஸின் கற்பனையை ஏற்றுக்கொண்டு அவருடைய விடையை மட்டும் விலக்கிவிட்டு, அரூபியை நல்லவனாக்கி, அரசாங்கத்துக்கு உதவுபவனாக்கி, வாரந்தோறும் வீட்டுக் கூடத்துக்கு அழைத்துவந்தன. இந்த மாற்றத்தால் கதை பெற்றது என்ன, இழந்தது என்ன என்று நிறுத்துப் பார்ப்பது பயனற்ற காரியமாகாது.

வெல்ஸ் தம் விஞ்ஞானி கிரிஃபினுக்கு அரூப நிலையை வரமாக அளிக்கவில்லை. உடல் மட்டுமே மறையுமாதலால், மறைந்து திரிய வேண்டுமாயின் லண்டன் குளிரில் அவன் ஆடையின்றி நடக்க வேண்டும். தெரு நாய் மோப்பத்தால் அவனைக் கண்டுகொள்ளும். பனித்துளி அவன் மேனியில் படிந்து உருவத்தைக் காட்டிக்கொடுக்கும். உண்ட உணவோ, சீரணமாகும்வரை வயிற்றுக்குள் வெளிப்படையாகத் தெரியும். பெற்ற ஆற்றலுக்குச் செலுத்த வேண்டிய இந்த விலையே நாவலின் உயிர்நாடி. கதாநாயகனை மறையவைக்கும் எந்தத் தொடரையும் மதிப்பிட இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

1958-ல் ரால்ஃப் ஸ்மார்ட் தயாரிப்பில் ஐ.டி.சி. நிறுவனம் வெளியிட்ட பிரிட்டிஷ் தொடரை முதலில் எடுத்துக்கொள்வோம். அரை மணி நேர அளவில், கறுப்பு வெள்ளையில், 26 அத்தியாயங்களாக அமைந்த இத்தொடரின் நாயகன் பீட்டர் பிராடி, சோதனைச்சாலை விபத்தால் உருவிழந்து, மீளும் வழி தெரியாமல், சகோதரியுடனும் அவளுடைய சிறு மகளுடனும் வாழ்பவன். முகத்தைக் காட்டாத இந்தப் பாத்திரத்துக்கு டிம் டர்னர் குரல் கொடுத்தார். நாயகனாக நடித்தவர் இன்னார் என்பதோ அந்நாளில் ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கம்பியால் கோப்பையும் சிகரெட்டும் அந்தரத்தில் அசைந்தன. தலையில்லாத கோட்டு நடந்துவர வேண்டிய இடங்களில், குட்டையான நடிகர் ஒருவர் கழுத்துப்பட்டைக்குக் கீழே தலையை ஒடுக்கிக்கொண்டு, சட்டையில் இட்ட துளை வழியே பார்த்து அடியெடுத்து வைத்தார். 1933-ல் வெளிவந்த ஜேம்ஸ் வேலின் திரைப்படத்தில் ஜான் ஃபுல்டன் கையாண்ட கறுப்பு வெல்வெட் யுக்தியோ, பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் நுட்பமோ வாரத் தொடரின் அவசரத்துக்கும் பணமுடைக்கும் எளிதில் கைகூடுபவை அல்ல. ஆதலால் மிஞ்சியவை கம்பியும் நடிப்புமே.

ஆயினும், அந்த வறுமையே இத்தொடருக்கு அழகாயிற்று என்று கூறத் துணிவேன். சகோதரியாக நடித்த லிசா டேனியலி வெறும் நாற்காலியை நோக்கிப் பேசும்போது, அவருடைய பார்வை ஒரு மனிதனின் கண்மட்டத்தில் நிலைத்து நின்று, அவன் எழுந்தால் எழுந்து, நகர்ந்தால் நகர வேண்டும். அந்தப் பார்வை சற்றே பிசகினாலும் மாயை குலைந்துவிடும். இல்லாத நாயகனை இருப்பவனாகச் சிருஷ்டிக்கும் பொறுப்பு இங்ஙனம் உடன் நடிப்போர்மீதும், காண்போரின் கற்பனைமீதும் விழுகிறது. நாடகக் கலையின் ஆதி தர்மமும் அதுவே அன்றோ?

குறைகளும் இல்லாமற் போகவில்லை. கட்டுத்துணி சுற்றிய முகத்தில் துயரத்தையோ தயக்கத்தையோ காட்ட இயலாது. குரல் ஒன்றே முழுப் பாரத்தையும் சுமக்க நேர்ந்தமையால், பிராடியின் தனிமை நமக்குச் சொல்லப்படுகிறதேயன்றி உணர்த்தப்படுவதில்லை.

இந்தக் குறையை நீக்கும் யத்தனமாகவே 1975-ல் என்.பி.சி. ஒளிபரப்பிய அமெரிக்கத் தொடரைக் கருதலாம். ஹார்வ் பென்னெட்டும் ஸ்டீவன் போச்கோவும் உருவாக்கிய அதில், தன் கண்டுபிடிப்பை ராணுவம் ஆயுதமாக்கிவிடும் என்றஞ்சிக் கருவியை அழித்துவிட்டு மறைந்தே வாழ நேர்ந்த டேனியல் வெஸ்டினாக டேவிட் மெக்கலம் தோன்றினார். அசல் முகத்தைப் போன்ற முகமூடியும் கையுறைகளும் அவனுக்கு வாய்த்ததனால், ரசிகர்கள் அறிந்த நடிகரின் முகம் திரையில் தாராளமாக இடம்பெற்றது. முகமூடியைக் கழற்றும் காட்சிகளுக்கு நீலத்திரை உத்தி துணை செய்தது. மறைவதற்கு ஆடை களைந்தே தீரவேண்டும் என்ற வெல்ஸின் நிபந்தனையைக் கைவிடாதிருந்ததும், அதிலிருந்து இயல்பான நகைச்சுவையைப் பிறப்பித்ததும் இத்தொடரின் நற்கூறுகள். ஆனால், நினைத்தபோது முகத்தை அணிந்துகொள்ள முடிந்தவனுக்கு உருவிழப்பு எங்ஙனம் சோகமாகும்? துன்பம் அசௌகரியமாகச் சுருங்கியது. தொடரும் ஒரு பருவத்தோடு முடிந்தது.

அடுத்த ஆண்டே அதே பென்னெட்டின் தயாரிப்பில் வெளிவந்த ‘ஜெமினி மேன்’, விலையை இன்னும் மலிவாக்கியது. நீருக்கடியில் நேர்ந்த வெடிவிபத்தில் உருவிழந்த சாம் கேஸி, கைக்கடிகாரம் ஒன்றின் உதவியால் கண்ணுக்குத் தெரிபவனாக நிலைத்து, பொத்தானை அழுத்தியதும் உடையோடு மறைகிறான். நாளொன்றுக்கு 15 நிமிஷத்துக்கு மேற்பட்டால் உயிருக்கே ஆபத்து. தந்திரக் காட்சிகளுக்கான செலவு இதனால் குறைந்திருக்கும். கடிகார முள் ஓடுவதால் பரபரப்பும் கூடியது. ஆனால் அந்தப் பரபரப்பு அரூப நிலையிலிருந்து பிறந்ததன்று, வெளியிலிருந்து ஒட்டவைத்தது. வெடிகுண்டையோ விஷத்தையோ அந்த இடத்தில் வைத்தாலும் கதை மாறாது. தயாரான அத்தியாயங்களில் பாதிகூட அமெரிக்காவில் ஒளிபரப்பாகுமுன் தொடர் நிறுத்தப்பட்டது.

நாயகன் அடுத்த வாரமும் நல்லவனாகத் திரும்பிவர வேண்டிய வடிவத்தில் கிரிஃபினைப் போன்ற கொடியவனை எதிர்பார்ப்பது நியாயமாகாது என்று சிலர் வாதிக்கக்கூடும். அவ்வாதம் ஒப்புக்கொள்ளத் தக்கதே. குடும்பத்தோடு கண்டுகளிக்கும் சாகசத்தில் நாயகனைக் கொலைகாரனாக்க வேண்டியதில்லை. ஆனால் நல்லவனுக்கும் சோதனை உண்டு. பூட்டிய அறைக்குள் புகுந்து பிறர் ரகசியத்தை ஒட்டுக்கேட்கும் ஒருவன், தான் செய்வது முறைதானா என்று ஒரு கணமேனும் தடுமாறினால், நம் மதிப்பில் அவன் உயர்வானேயன்றித் தாழமாட்டான். எதிரி தீயவன் என்பதொன்றே எல்லாவற்றுக்கும் சமாதானம் என்று இத்தொடர்கள் அமைதி கொண்டன. அரசாங்கமோ ஆராய்ச்சி நிறுவனமோ ஏவிய பணி என்ற போர்வை, பிளேட்டோவின் வினாவை எழவொட்டாமலே அடக்கிவிட்டது. மூன்றுக்கும் பொதுவான பெருங்குறை இதுவே.

குணதோஷங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வசதி மிகுந்த தொடர்களைவிட வசதி குன்றிய தொடரே மேம்பட்டு நிற்பதைக் காண்கிறோம். தந்திரத்தின் நேர்த்தியாலன்று, மீளமுடியாத நிலையில் ஒருவனை நிறுத்திய துணிவாலேயே 1958-ன் பிராடி, கடிகாரம் கட்டிய கேஸியைவிட நம் அக்கறைக்குரியவனாகிறான். இனி இத்துறையில் கதை புனைவோர், நாயகனை எப்படி மறைப்பது என்று ஆராய்வதற்குமுன், மறைந்ததற்காக அவன் எதை இழக்கிறான் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நலம்.