விழித்திரையில் தெரியாதவள்

விழித்திரைப் படம் ஒன்றை மட்டும் பார்த்து, அது ஆணுடைய கண்ணா பெண்ணுடைய கண்ணா என்று கணினியால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட முடிகிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2018இல் இதை வெளியிட்டார்கள். அனுபவமுள்ள கண் மருத்துவராலும் படத்தைப் பார்த்து அப்படிப் பிரிக்க முடியாது. ஆனால் பெண் என்று அறிவதும் பெண்ணின் வாழ்வை அறிவதும் ஒன்றல்ல.

இந்தத் தொழில்நுட்பத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதிப்பதைக் கண்டறிய, 1,28,175 படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கிய ஆய்வு 2016இல் ‘ஜாமா’ இதழில் வந்தது. அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் அந்த ஆய்வில் இருந்தன. நோய் முற்றும்வரை பார்வையில் குறை தெரிவதில்லை என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. கண் மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு இக்கருவி பெரும் உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் கேள்வி, படம் உருவாவதற்கு முன் நடப்பவை பற்றியது. அரவிந்தில் நோயாளியை உட்காரவைத்துச் சோதிப்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பு முடித்து, அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். செயற்கை நுண்ணறிவின் வெற்றிக்கதையில் பொறியாளரும் மருத்துவரும் வருகிறார்கள். இவர்கள் அரிதாகவே வருகிறார்கள்.

கேமரா முன் வந்து உட்காரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கடியப்பட்டணத்தில் விடியலில் ஏலம் பிடித்து, கடவத்தோடு ஊர் ஊராக மீன் விற்கப் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பரிசோதனைக்கு ஒரு நாள் ஒதுக்கினால் அன்றைய வருமானம் போச்சு. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பக்கத்துப் பொருள் மங்கும். சில்லறையை எண்ணி வாங்குவதே சிரமம். “கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?” என்று அவள் கேட்பதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அது கணக்குப் பார்த்துச் சொல்லும் பதில்.

தாய்லாந்தின் 11 சுகாதார நிலையங்களில் இக்கருவியைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் 2020இல் வெளியானது. முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாதென்று கருவி தள்ளிவிட்டது. அறையின் வெளிச்சம் ஒரு முக்கியக் காரணம். அப்படித் தள்ளப்பட்டவர்கள் இன்னொரு நாள், இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். நம் மீன்காரப் பெண்ணுக்கு அது இரண்டாவது நாள் கூலி இழப்பு. ஆய்வுக்கூடத்தில் படத்தின் தரம் என்று சொல்லப்படுவது, கடற்கரையில் பெண்ணின் நேரமாகவும் பணமாகவும் மாறுகிறது.

ஆகவே கேமரா மீன் விற்று முடியும் நேரத்தில் கரைக்கு வர வேண்டும். எடுத்த படம் ஆய்வுக்கும் போகுமென்றால், அதை அவளுக்குப் புரியும் பேச்சில் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். கருவியின் துல்லியம், எடுத்த படங்களை வைத்தே அளக்கப்படுகிறது. வர முடியாமல் போன பெண்களையும் எண்ணிச் சொல்லும் ஆய்வைத்தான் நாம் கேட்க வேண்டும்.