அடுக்களை இறைநினைவும் இறைபணி நிற்றலும்

புதுச்சேரியினின்று மேற்கே மூலக்குளத்தின் வழியாக வில்லியனூர்க்குச் செல்லும் பெருவழியில், திருக்காமீசர் தேர்விழாக் காணச் செல்வாரும் லூர்து மாதா திருவிழாக் காணச் செல்வாரும் நடப்பர். அண்டை வீட்டாராய் வாழும் இவ்விரு சாராரும் ஒருவர் சமயத்தை மற்றவர் அதன் புறக்கோலத்தால் அறிவரேயன்றி, அகத்தே நிகழும் வழிபாட்டின் இயல்பால் அறிவார் அரியர். நாள்தோறும் செய்யும் தொழிலின்கண்ணேயே இறைவனது உடனிருப்பை உணர்தல் என்னும் பயிற்சி ஒன்று கிறித்துவத்துள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இஃது யாது, சித்தாந்தத்தோடு எத்துணை ஒக்கும், எவ்விடத்து வேறுபடும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சி புதுச்சேரிச் சைவர்க்கு எளிதன்று. 1748ஆம் ஆண்டு செப்டெம்பரில், துய்ப்ளே ஆளுநராய் இருந்த காலத்து, வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்டது. அதனை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். அந்நினைவு உள்ளவிடத்துப் பிறர் சமயத்தை நடுவுநிலையோடு நோக்குதல் அரிதே. ஆயினும், சிவஞான சித்தியார் பரபக்கம் பிறர் மதத்தை மறுக்குமுன் அம்மதத்தினர் கூற்றை அவர் கூறுமாறே எடுத்துரைப்பதனைச் சைவர் மறத்தலாகாது. ஆட்சியாளர் செய்த தீங்கு வேறு. அச்சமயத்து அன்பர் ஒருவர் தம் உள்ளத்தே கண்டது வேறு. முன்னதற்குப் பின்னதன்மேல் பழி ஏற்றுதல் நூல்வழிப்பட்ட செயலன்று.

இப்பயிற்சி பல வடிவின. இயேசு சபையை 1540இல் நிறுவிய இஞ்ஞாசியார் காலத்திலிருந்தே, பகலிலும் இரவிலும் சிறிது நேரம் அமர்ந்து, அன்றைய செயல்களுள் இறைவன் அருள் எவ்விடத்து விளங்கிற்று, தம் பிழை எவ்விடத்து நிகழ்ந்தது என்று ஆய்ந்து நன்றியும் கழிவிரக்கமும் கொள்ளும் முறை அச்சபையாரிடை வழங்குகின்றது. கார்மேல் சபையைச் சீர்திருத்திய தெரேசா அம்மையார் (1515-1582), அடுக்களைக் கலங்களினிடையேயும் ஆண்டவன் உளன் என்று தம் கன்னியர்க்கு அறிவுறுத்தினார். அச்சபையின் பாரிசு மடத்தில் அடிசில் ஆக்கிய லாரன்ஸ் என்னும் துறவியே இப்பயிற்சிக்குப் பலரும் எடுத்துக்காட்டும் சான்றாவார்.

லாரன்சின் இயற்பெயர் நிக்கோலா எர்மான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லொரேன் நாட்டில் எளிய குடியிற் பிறந்து, போர்வீரராய்க் காயமுற்று, 1640இல் பாரிசு மடத்தை அடைந்தார். குருத்துவம் பெறாது ஏவற் பணி செய்யும் சகோதரராகவே அமர்ந்து, பல்லாண்டு அடுக்களையிலும், பின்னர்ச் செருப்புத் தைக்கும் இடத்திலும் பணியாற்றி 1691இல் மறைந்தார். அவர் தாமாக நூல் செய்து வெளியிட்டிலர். போஃபோர் என்னும் குருவானவர், 1666 முதல் அவரோடு உரையாடியவற்றையும் அவர் எழுதிய கடிதங்களையும் தொகுத்து, அவர் மறைந்தபின் வெளியிட்டார். 'இறைவன் உடனிருப்பைப் பயிலுதல்' என்று உலகெங்கும் வழங்குவது அத்தொகுப்பே.

அதன் கருத்தைச் சுருக்கிக் கூறின்: அடுக்களைத் தொழில் லாரன்சுக்கு இயல்பாகவே வெறுப்பைத் தந்தது. எனினும் சட்டியில் வேகும் பண்டத்தைப் புரட்டுதலையும், தரையிற் கிடக்கும் துரும்பை எடுத்தலையும் இறைவன் பொருட்டுச் செய்தார். வழிபாட்டுக்கென விதித்த நேரமும் தொழில் நேரமும் அவர்க்கு வேறாகத் தோன்றவில்லை. மனம் சிதறியபோது தம்மைத் தாமே வருத்திக் கொள்ளாது, பிழையை இறைவனிடம் கூறி மீண்டும் அவனை நினைந்தார்.

இதனைக் கேட்ட அளவில் சைவ நன்மக்கள் உள்ளத்தே எழுவது சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரமாகும். முதல்வனோடு ஒன்றாகி அவன் பணியில் வழுவாது நிற்பார்க்கு மலமும் மாயையும் கன்மமும் வலியிழக்கும் என்பது அதன் கருத்து. தன் செயல் என்பது அற, எல்லாம் அவன் செயலாகக் கண்டு நிற்றலே இறைபணி நிற்றல். தில்லையில் மட்கலம் வனைந்த திருநீலகண்டரும், காஞ்சியில் அடியார் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும், நாகையில் வலை வீசிய அதிபத்தரும் தத்தம் தொழிலை விட்டு இறைவனைத் தேடினாரல்லர். தொழிலினூடேயே அவன் பணியில் நின்றனர். ஆதலின் லாரன்சின் ஒழுக்கத்தைச் சித்தாந்தம் புறக்கணிக்க இடமில்லை.

அற்றேல், இரண்டும் ஒன்றென்று கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. ஆராய வேண்டுவன மூன்று உள.

முதலாவது, நினைவு என்பதன் இயல்பு. நினைத்தல் அந்தக்கரணத்தின் தொழில். கரணத்தால் சுட்டி அறியப்படுவது அசத்து என்பதும், முதல்வன் அவ்வாறு அறியப்படுவான் அல்லன் என்பதும் ஆறாஞ் சூத்திரத்தால் பெறப்படும். எனவே 'இறைவன் என் அருகில் உளன்' என்று மனம் ஒரு வடிவைக் கற்பித்து அதனைப் பற்றி நிற்குமாயின், பற்றப்பட்டது மனத்தின் கற்பனையே ஆகும். லாரன்ஸ் இக்குற்றத்துக்கு முழுதும் உட்பட்டார் என்றல் முறையன்று. வடிவக் கற்பனையும் பலபடச் சிந்தித்தலும் விட்டு, அன்போடு கூடிய எளிய நோக்கு ஒன்றையே அவர் கொண்டார் என்பது அவர் கடிதங்களால் விளங்கும். ஆனால் அவர் பெயரால் இப்பயிற்சியைக் கற்பிப்பார் பலர், நிமிடந்தோறும் நினைவைத் திருப்புக என்று கரண முயற்சியாகவே அதனை ஆக்கிவிட்டனர்.

இரண்டாவது, மறைப்பது யாது என்பது. இறைவன் எல்லாப் பொருளிலும் உளன் என்பதனைக் கிறித்துவ நூலாரும் உடன்படுவர். அக்குவினோவின் தோமாசார் 13ஆம் நூற்றாண்டிலேயே அதனை விரித்துரைத்தார். உடனிருக்கும் ஒருவனை உயிர் உணராமை எதனால் என்ற வினாவுக்கு, அவர்கள் விடை பாவம் என்பது. சித்தாந்தத்தின் விடை ஆணவம் என்பது. பாவம் காலத்தில் தோன்றியது. முதல் மனிதன் செயலால் வந்து, உயிரின் விருப்பத்தைக் கோணச் செய்தது. ஆணவமோ செம்பிற் களிம்பு போல உயிரோடு அநாதியே உடன்கிடப்பது. விருப்பத்தை மட்டுமன்றி அறிவையும் செயலையும் சேர மறைப்பது. நோய் வேறாதலின் மருந்தும் வேறாயிற்று. அவர்கட்குக் கழிவிரக்கமும் மன்னிப்பும் தலைமையாயின. சைவர்க்கு மலபரிபாகமும் சத்திநிபாதமும் தீக்கையும் தலைமையாயின.

மூன்றாவது, முறை வைப்பு. சிவஞானபோதத்துள் இறைபணி நிற்றல் பத்தாம் இடத்தே வைக்கப்பட்டது காரணமின்றி அன்று. எட்டாஞ் சூத்திரம் குருவின் உபதேசத்தைக் கூறும். வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசமைந்தனுக்குத் தந்தை வந்து உணர்த்துதல் போல, ஐம்புல வேடரிடை மயங்கிய உயிர்க்கு இறைவன் குருவாய் வந்து உணர்த்துவன். ஒன்பதாவது, திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுதலைக் கூறும். அவற்றின் பின்னரே பத்தாவது வரும். அஃதாவது, இறைபணி நிற்றல் அருள் பெறுதற்கு உயிர் தானே கட்டும் ஏணி அன்று. பெற்ற அருளில் நிலைத்தல்.

இவ்விடத்து லாரன்சின் வாழ்க்கையை மீண்டும் நோக்கல் வேண்டும். அவர் பதினெட்டாம் அகவையில், பனிக்காலத்து இலையுதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டு, அஃது மீளத் தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் என எண்ணிய அளவில், இறைவனது ஆற்றலும் பேணுகையும் உள்ளத்தே பதிய, உலகப் பற்று நெகிழ்ந்தது என்று கூறினார். மடத்தை அடைந்தபின் பத்தாண்டு அளவும் மிக்க துன்புற்றதாகவும் எழுதியுள்ளார். எனவே அடுக்களை அமைதி முயற்சியால் மட்டும் வந்ததன்று. முதலில் ஒன்று தரப்பட்டது. இடையே நெடிய பக்குவ காலம் சென்றது. அமைதி இறுதியிலே வந்தது. சகலர்க்குக் குரு மானிட வடிவில் வருவன் என்பதே சித்தாந்தத் துணிபாதலின், அம்மரத்தைக் குரு என்றல் பொருந்தாது, நிமித்தம் என்னலாம். ஆயினும் அவர் வாழ்க்கையின் வரிசை, அவர் பெயரால் எழுந்த முறைகளின் வரிசையைக் காட்டிலும், சிவஞானபோதத்தின் வரிசைக்கே அணித்தாயிருத்தல் காண்க.

இவ்வினா கிறித்துவர்க்குள்ளும் எழாமலில்லை. உயிர் முயற்சியற்றுக் கிடத்தலே அன்பின் உயர்நிலை என்று கூறுவார்க்கும் அதனை மறுப்பார்க்கும் பிரெஞ்சு நாட்டில் பெரும் வாதம் நிகழ்ந்து, 1699இல் ஃபெனெலோன் என்னும் பேராயரின் நூற்கருத்துக்கள் இருபத்து மூன்றனைப் போப்பாண்டவர் விலக்கினார். முயற்சியே என்பார்க்கும் முயற்சியின்மையே என்பார்க்கும் இடையே நிற்பது சித்தாந்தம். உயிர்க்குத் தொழில் உண்டு. அத்தொழில் அருள்வழி நிற்றல். கண் தானே காணாது. ஞாயிற்றின் ஒளியும் கண்ணின்றிக் காட்சி தாராது. இவ்வுவமையை உணர்ந்தார்க்கு அவ்வாதத்தின் இரு பக்கக் குறையும் விளங்கும்.

20ஆம் நூற்றாண்டில் இப்பயிற்சி கீழ்நாட்டை நோக்கித் திரும்பியது. மலாயாவில் அரசுப்பணி புரிந்த ஜான் மெய்ன் என்பார், கோலாலம்பூரில் தூய வாழ்வுச் சங்கத்தை நடத்திய சுவாமி சத்தியானந்தரிடம் காலையும் மாலையும் ஒரு சொல்லை ஓதித் தியானித்தலைக் கற்றார். பின்னர்ப் பெனடிக்ட் சபைத் துறவியாகி, அதற்கு ஒப்பான முறையைப் பழங்காலத்துக் காசியன் நூலிற் கண்டு, 1975இல் இலண்டனில் கற்பிக்கத் தொடங்கினார். இங்கும் ஒரு குருவே முதலில் வாய்த்தார் என்பது நோக்கத்தக்கது.

தமிழகத்தே, மொன்ஷானேன், லெசோ என்னும் பிரெஞ்சுத் துறவியர் இருவர் 1950இல் குளித்தலைக்கு அருகில் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெசோ, திருவண்ணாமலைக் குகைகளில் தனித்திருந்தும், திருக்கோவலூர் ஞானானந்தரை அடுத்தும், அகத்தே கண்ட ஒருமைக்கும் தம் சமயக் கொள்கைக்கும் இடையே 1973இல் மறையுமளவும் உழன்றார். கடம்பந்துறையும் வாட்போக்கியும் ஈங்கோய்மலையும் சூழ்ந்த காவிரிக் கரையில் இருந்தும், அவர் தம் ஐயத்துக்கு விடையைப் பெரிதும் உபநிடதங்களிலேயே தேடினார். இறைவனும் உயிரும் ஒன்றோ இரண்டோ என்று வருந்தினார்க்கு, ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்றலே அத்துவிதம் என்னும் மெய்கண்டார் விடை அணித்தே இருந்தது. அதனை அவர்க்கு எடுத்துரைத்து நின்ற சைவர் எத்துணையர் என்ற வினாவும் உடன் எழுதல் வேண்டும்.

இக்காலத்தே இப்பயிற்சிகள் மன அமைதிக்கும் உறக்கத்துக்கும் மருந்தாக விற்கப்படுதல் கண்கூடு. இறைவனை விட்டு இறைநினைவை மட்டும் எடுத்தல் கிறித்துவர்க்கும் உடன்பாடன்று; சைவர்க்கும் உடன்பாடன்று. சைவர்க்கு மற்றுமொரு காவல் உண்டு. பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கினாரும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுக என்கின்றது. அகநினைவு புறத்தொண்டினின்று பிரியாதிருத்தற்கு இதுவே வேலி. அவ்வேலி இல்லாத அகநினைவு நாளடைவில் தன்னையே நினைத்தலாய் முடிதல் கூடும்.

ஆகவே சைவர் இப்பயிற்சியைப் பிறரிடம் கடன் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் 'எங்கள் நூலில் உளது' என்ற அளவில் மகிழ்ந்தமைதலும் தகாது. பத்தாஞ் சூத்திரத்துக்கு உரை கூற வல்லார், கடையிலும் கழனியிலும் மடைப்பள்ளியிலும் அதன்வழி நிற்கின்றனரா என்பதே கேட்கற்பாலது. அயல்நாட்டு மடமொன்றில் எழுத்தறிவு மிகாத ஏவலாளர் ஒருவர் தமக்கு வெறுப்பான அடுக்களையில் நின்று ஒழுகிக் காட்டியதனை, தீக்கை பெற்று ஐந்தெழுத்தை உரிமையாக உடையார் தம் வினையின்கண் காட்டாராயின், அது நூலின் குறையன்று, உடையாரின் குறையே. அடுப்பு மூட்டும்போதும் படியளக்கும்போதும் ஐந்தெழுத்து நெஞ்சை விட்டு அகலாதிருக்குமாயின், அந்நூல் கற்றதன் பயன் அன்றே எய்தும்.

திருச்சிற்றம்பலம்.