நெப்ராஸ்கா (இசைத்தொகுப்பு)

நெப்ராஸ்கா (1982) அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆறாவது இசைத்தொகுப்பு. பத்துப் பாடல்கள் கொண்டது. வீட்டில் பதிவுசெய்த கேசட்டே பெரிய நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்ததால் வீட்டு ஒலிப்பதிவின் முன்னோடி ஆக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

உருவாக்கம்

1982 ஜனவரியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கோல்ட்ஸ் நெக்கில், வாடகை வீட்டின் படுக்கையறையில் இப்பாடல்களில் பெரும்பாலானவை பதிவாயின. இசைக்குழுவினருக்குப் பாடல்களைக் கற்பிப்பதற்கான மாதிரிப்பதிவு என்பதே அப்போதைய நோக்கம். பயன்பட்டது டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோ. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் இக்கருவி 1979-ல் அறிமுகமானது. குரலும் கிதாரும் ஒரே நேரத்தில் பதிவாயின. எஞ்சிய தடங்களில் ஹார்மோனிகா, துணைக்குரல் முதலியன சேர்ந்தன. எக்கோபிளக்ஸ் என்னும் நாடா எதிரொலிக் கருவி வழியாக ஒலிக்கலவை முடிந்தது. பின்னர் இ ஸ்ட்ரீட் இசைக்குழுவுடன் ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தும் நிறைவு ஏற்படாததால் கேசட்டே வெளியிடப்பட்டது.

மதிப்பீடு

எளிய கருவியே இப்பாடல்களின் உண்மைத்தன்மைக்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. இக்கூற்று முழுவதும் சரியல்ல. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாடலும் முதலில் இதே வீட்டுப் பதிவுகளில்தான் இருந்தது. அது முழு இசைக்குழுவின் முழக்கத்தில்தான் தன் வடிவத்தைக் கண்டடைந்தது. கொலையாளிகள், வேலையிழந்தோர், இரவில் தனியே காரோட்டுபவர் ஆகியோரின் தன்கூற்றுகளுக்கோ கேட்க எவருமற்ற அறை தேவைப்பட்டது. ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாடலில் மாறாது தொடரும் கிதாரின் மேல் திடீரென எழும் அலறல் எதிரொலியில் கரைவது இதற்குச் சான்று.

குறைகளும் உண்டு. எல்லாப் பாடல்களுக்கும் ஏறத்தாழ ஒரே எதிரொலி அமைந்திருப்பதால் பிற்பகுதிப் பாடல்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன. நாடாவின் இரைச்சல் சில சொற்களை மங்கச்செய்கிறது.

இன்றைய டிஜிட்டல் மென்பொருள்களில் தடங்களுக்குப் பஞ்சமில்லை. நாடா இரைச்சலைக்கூடச் செயற்கையாகச் சேர்க்கலாம். ஆனால் இத்தொகுப்பின் வலிமை இரைச்சலில் இல்லை. குரலும் கிதாரும் ஒன்றன் ஒலிவாங்கியில் மற்றது கலந்துவிட்டதால் பிறகு பிரித்துத் திருத்த வழியில்லை. பாடும்போதே முடிவெடுக்க வேண்டியிருந்தது. முடிவைத் தள்ளிப்போடும் வசதியைத் தரும் டிஜிட்டல் முறையில் அந்தக் கட்டுப்பாட்டைக் கலைஞரே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாடலை விரித்தெடுப்பது, எதை அப்படியே விடுவது என்ற தேர்வே நெப்ராஸ்காவின் முதன்மையான கலைச்சாதனை.