சர்க்கரைப் பொங்கலை எப்படி ரசிப்பது?

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில், பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து எடுத்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தரிசனம் முடிந்ததும் படியிறங்க அவசரப்படாதீர்கள். சுற்றிலும் பாறை மலைகள், கீழே வயல்கள், அங்கங்கே பனைகள். நம் சமையலின் பழைய இனிப்புகள் இப்படிப்பட்ட நிலங்களில் பிறந்தவைதான்: மலையில் தேன், நீர் பாயும் வயலில் கரும்பு, மேட்டில் பனை.

இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. மிளகு, கிராம்போடு அதுவும் ஒரு மசாலா. சாமானியர் வீட்டில் தேன்தான். இங்கே கதை வேறு. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்ததைப் புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். சோழர் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு நெய், தயிர், பருப்போடு சர்க்கரையும் உண்டு. தேன் மறைந்துவிடவில்லை, அடுப்பிலிருந்து தள்ளி நின்றது, அவ்வளவுதான். தினைமாவில் பிசைந்தார்கள், பஞ்சாமிர்தத்தில் சேர்த்தார்கள், அபிஷேகத்துக்கு ஊற்றினார்கள். தேனைச் சுடவைக்கக் கூடாது என்பது வைத்தியர் சொல். நாக்குக்கும் அதுவே நியாயம்: சூட்டில் பூவாசம் பறந்துபோய் வெறும் தித்திப்பு மிஞ்சும். வெல்லமோ கொதித்துப் பாகாகும்போதுதான் மணக்கும்.

சோதித்துப் பார்க்க மூன்று கிண்ணம் போதும். முதலில் தேன்: நாக்கில் பட்டதும் இனித்து, சட்டென்று விலகும். அடுத்து வெல்லம்: கொஞ்சம் தாமதமாக வரும், அடியில் ஒரு துளி உப்புக் கரிப்பு இருக்கும், தொண்டை வரை தங்கும். கடைசியில் கருப்பட்டி, லேசான புகைவாசத்தோடு. நடுவில் வெந்நீர் குடியுங்கள். இல்லாவிட்டால் முதலில் தின்றதே எல்லாவற்றிலும் இனிக்கும்.

இனி அக்காரவடிசில், அதாவது பாலில் வேகும் சர்க்கரைப் பொங்கல். அரிசியும் பாசிப்பருப்பும் பாலில் குழைய வேக வேண்டும். வெல்லப்பாகை வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுவதே பத்திரம். கொதிக்கும் பாலில் விட்டால் திரிந்துவிடும். நல்ல அக்காரவடிசிலில் முதலில் பால், பிறகு வெல்லம், கடைசியில் நெய் என்று வரிசையாக வரும். வெள்ளைச் சீனி போட்டால் இந்த வரிசை கிடையாது, எடுத்த எடுப்பில் இனிப்பு மட்டுமே. முந்திரியை அள்ளிக் கொட்டி அதை மறைப்பவர்களும் உண்டு.

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. பெருமாள் கோயில் பக்கம் போனால் கையில் விழும் அக்காரவடிசிலின் முதல் வாயை முந்திரியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்.