ஜுவைனியின் வரலாற்று நடை: எழுவாய் இல்லாத அழிவு

செங்கிஸ்கானின் மேற்குப் படையெடுப்புகளைக் கூறும் பாரசீக நூல்களுள் அதா மலிக் ஜுவைனி (1226-1283) இயற்றிய 'தாரிக்-இ ஜஹான்குஷா' தலையாயது. உலகை வென்றவனின் வரலாறு என்பது இப்பெயரின் பொருள். ஆசிரியர் மங்கோலிய ஆட்சியின் அலுவலர். நூலை எழுதத் தொடங்கியதும் மங்கோலியத் தலைநகரான காரகோரத்தில்தான். எனவே இதனை வென்றவரின் புகழ்பாடும் அரசவை நூல் என்று ஒதுக்குவாரும் உளர். நூலின் மொழிநடையை நோக்கின் இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும்.

ஜுவைனியின் நடை அணிநலம் மிக்கது. அரபுச் செய்யுள்களும் திருக்குர்ஆன் தொடர்களும் அதில் விரவி வருகின்றன. ஆனால், 1220இல் புகாரா வீழ்ந்ததைக் கூறுமிடத்தில் நடை திடீரெனச் சுருங்குகிறது. அந்நகரிலிருந்து குராசானுக்குத் தப்பி வந்த ஒருவன் நிகழ்ந்ததை ஆறே வினைமுற்றுகளில் சொல்லி முடிக்கிறான். பகைவரின் வருகையில் தொடங்கி அவர்தம் வெளியேற்றத்தில் முடியும் அவ்வினைகளுக்கு வெளிப்படையான எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. தமிழிற் போலவே பாரசீகத்திலும் வினைவிகுதியே இடத்தையும் எண்ணையும் உணர்த்துமாதலால், எழுவாய் தோன்றாமலே தொடர் நிறைவு பெறும். இவ்விலக்கண இயல்பை ஜுவைனி நன்கு பயன்கொள்கிறார். மேலும், அக்கூற்றைச் சொற்சுருக்கத்திற்குச் சான்றாகப் பாராட்டவும் செய்கிறார். நடைநயம் பேசுவது போல் அழிவு பதிவாகிறது. வென்றவர் பெயர் சுட்டிப் பழிக்கப்படவில்லை.

மங்கோலியர் ஆட்சிக்கு உட்படாத மோசூலில் வாழ்ந்த இப்னுல் அதீர் (1160-1233) இவ்வழிவைக் குறித்துத் தம் துயரை வெளிப்படையாகவே எழுதினார். ஆயினும் 1221இல் மெர்வு நகரில் மாண்டோர் ஏழு இலட்சம் என்பது அவர் தரும் எண். ஜுவைனி தருவதோ பதின்மூன்று இலட்சம். இவற்றை மெய்க்கணக்காகக் கொள்ளுதல் அரிது. எனினும், வென்றவரிடம் பணிபுரிந்தவர் அழிவைக் குறைத்துக் காட்டவில்லை என்பது தெளிவு.

இந்நேர்மைக்கும் எல்லை உண்டு. 1256இல் இசுமாயிலியரின் ஆலமூத் கோட்டை வீழ்ந்தபின், அங்கிருந்த நூலகத்தை ஆராய்ந்தவர் ஜுவைனியே. திருக்குர்ஆன் படிகளையும் பயனுடையவெனக் கருதிய நூல்களையும் வானியற் கருவிகளையும் காத்து, இசுமாயிலியக் கொள்கை நூல்களை எரித்ததாக அவரே கூறுகிறார். புகாராவில் மறைந்திருந்த எழுவாய் இங்குத் தன்மையிடத்தில் வெளிப்படுகிறது; அதில் வருத்தத்தின் சாயல் இல்லை. நூலும் இசுமாயிலியரின் வீழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. 1258இல் ஹுலாகு பாக்தாதை அழித்ததும் கலீபாவைக் கொன்றதும் அதில் இடம்பெறவில்லை. மறு ஆண்டே ஜுவைனி அந்நகரின் ஆளுநரானார்.

ஆகவே, இந்நூலைப் புகழுரை என்றோ ஒப்பாரி என்றோ வகைப்படுத்துதல் பொருந்தாது. அழிவைச் சொல்லும்போது எழுவாய் எங்கு மறைகிறது, எங்கு வெளிப்படுகிறது, உரை எங்கு நின்றுவிடுகிறது என்பவற்றை நோக்கிப் பயில வேண்டிய நூல் இது எனலாம்.