ஏழு பட்டை உருளைக்கிழங்கு

‘பிரஷர் குக்கர்’ என்று ஒரு படம். பெயரைக் கேட்டதும் பருப்பும் மூன்று விசிலும் ஞாபகம் வந்தால் உங்கள் தப்பில்லை. 2008-ல் வந்த அமெரிக்க டாக்குமெண்டரி. மார்க் பெக்கர், ஜெனிஃபர் கிரௌஸ்மன் இருவரும் சேர்ந்து எடுத்தது. டாக்குமெண்டரி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கிரிக்கெட் ஃபைனல் போல நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கலாம். கோப்பைக்குப் பதில் ஸ்காலர்ஷிப், அவ்வளவுதான்.

இடம் ஃபிலடெல்ஃபியா. ஊரின் வடகிழக்குப் பக்கம் ஃபிராங்க்ஃபோர்ட் ஹைஸ்கூல் என்ற அரசுப் பள்ளி. பெரும்பாலும் கஷ்டப்படுகிற குடும்பத்துப் பிள்ளைகள். அங்கே சமையல் வகுப்பு எடுக்கிறவர் வில்மா ஸ்டீஃபன்சன். கறுப்பினப் பெண்மணி. இவர் வகுப்பில் சத்தமாக இருமினால்கூடத் திட்டு விழும். லேட்டாக வந்தால் திட்டு, ஏப்ரன் அழுக்கானால் திட்டு, கத்தியைத் தப்பாகப் பிடித்தால் ஊரைக் கூட்டித் திட்டு. நம் ஊர் பி.டி. மாஸ்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவரை உடனே அடையாளம் தெரியும். ஆனால் பத்தே நிமிஷத்தில் ஒன்று புரிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருங்காலம் இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் சந்தேகமில்லாமல் நம்புகிற ஆள் இவர்தான். திட்டெல்லாம் அந்த நம்பிக்கையின் சத்தம்.

படம் மூன்று மாணவர்களைப் பின்தொடர்கிறது. ஆப்பிரிக்காவின் மாலி தேசத்திலிருந்து சில வருஷங்களுக்கு முன் வந்து சேர்ந்த ஒரு பெண். பார்வையில்லாத தங்கையைப் பார்த்துக்கொண்டே படிக்கிற இன்னொரு பெண். ஒரு ஃபுட்பால் வீரன் (நம்ம ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிறார்களே, அது). மூன்று பேருக்கும் வீட்டை விட்டு, அந்தப் பேட்டையை விட்டு வெளியே போக ஒரு வழி வேண்டும். கல்லூரிக்குக் கட்டப் பணம் கிடையாது. இருக்கிற ஒரே கதவு சி-கேப் நடத்தும் சமையல் போட்டி.

சி-கேப் என்பது 1990-ல் ரிச்சர்ட் கிரௌஸ்மன் ஆரம்பித்த அமைப்பு. பாரிஸின் லெ கோர்டான் ப்ளூவில் படித்தவர். நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ஒப்புக்கு நடந்துகொண்டிருந்த ஹோம் சயின்ஸ் வகுப்புகளைத் தொழில் சமையல் வகுப்புகளாக மாற்ற முடியும் என்று நினைத்தார். மாற்றியும் காட்டினார். வருஷக் கடைசியில் போட்டி. ஜெயிக்கிறவர்களுக்குச் சமையல் கல்லூரிகளின் ஸ்காலர்ஷிப்.

போட்டியின் மெனுவைக் கேளுங்கள். காளான் சாஸ் ஊற்றிய ஃபிரெஞ்சு கோழி, சீவி எடுத்த உருளைக்கிழங்கு, உள்ளே க்ரீம் வைத்த க்ரேப், அதன்மேல் சாக்லேட் சாஸ். ரெசிபியைப் பார்க்கக்கூடாது. இரண்டு மணி நேரம். அதிலும் அந்த உருளைக்கிழங்கு இருக்கிறதே, அதைச் சின்னப் பீப்பாய் வடிவத்தில் செதுக்கவேண்டும். சாஸ்திரப்படி ஏழு பட்டை. ஆறும் கூடாது, எட்டும் கூடாது. சாப்பிடுகிறவன் எண்ணப்போவதில்லை, ஜட்ஜ் எண்ணுவார். கூடை கூடையாகக் கிழங்கைச் செதுக்கித் தள்ளுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் தொண்டையையும் அடைக்கிறது.

முடிவை இங்கே உடைக்கப்போவதில்லை. விழாவில் பெயர் வாசிக்கப்படும் நிமிஷங்களில் கர்ச்சீஃப் தேவைப்படும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அழுது முடித்த பிறகு யோசித்தால்தான் சில கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, படத்தை எடுத்தவர்களில் ஒருவரான ஜெனிஃபர், சி-கேப் ரிச்சர்டின் மகள். அதனால் படம் பொய் என்றாகிவிடாது. அந்தப் பிள்ளைகளின் கண்ணீர் அசல். ஆனால் வீட்டுக் கல்யாணத்தை வீட்டுக்காரர் படம்பிடித்தால் சாம்பாரில் உப்பு கம்மி என்று யாரும் சொல்லும் காட்சி வராது, இல்லையா? ஸ்காலர்ஷிப் கிடைத்தால் வாழ்க்கை ஜெயித்தது என்கிற கணக்கைப் படம் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. எந்தக் கல்லூரி? எவ்வளவு தொகை, எத்தனை வருஷத்துக்கு? மீதியை யார் கட்டுவது? படித்து முடித்து அடுப்படியில் நின்றால் என்ன சம்பளம்? இதிலெல்லாம் காமிராவுக்கு அவ்வளவு அக்கறையில்லை. கைதட்டலில்தான் அதன் கண்.

படம் வந்தபிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் லெ கோர்டான் ப்ளூ என்ற பெரிய பெயரை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு கம்பெனி லாபத்துக்காகச் சமையல் கல்லூரிகள் நடத்தியது. புதிய மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்துவதாக 2015 டிசம்பரில் அறிவித்தது, 2017-க்குள் மூடியது. சமையல் உட்படப் பல கலைகள் கற்றுத்தந்த ‘ஆர்ட் இன்ஸ்டிடியூட்’ கல்லூரிகள் 2023 செப்டம்பரில் ஒரேயடியாகக் கதவைச் சாத்தின. அடுத்த வருஷம் அமெரிக்க அரசு அவற்றில் படித்த சுமார் 3,17,000 பேரின் கடனைத் தள்ளுபடி செய்தது. மொத்தம் 610 கோடி டாலர். எல்லோரும் சமையல் மாணவர்கள் இல்லைதான். இருந்தாலும் பளபளப்பான விளம்பரத்தையும் சம்பளக் கனவையும் நம்பிக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று இந்த எண் சொல்லிவிடுகிறது.

அந்தோணி போர்டெய்ன் இதை முன்பே சொன்னார். தானே பெரிய சமையல் கல்லூரியில் 1978-ல் பட்டம் வாங்கியவர். 2010-ல் வந்த ‘மீடியம் ரா’ புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இதற்கே. சாரம் இதுதான்: முதலில் ஒரு நிஜ கிச்சனில் வேலை செய்து பார். உஷ்ணம், நேரம் காலம் தெரியாத உழைப்பு, கம்மிச் சம்பளம் எல்லாம் தாங்குமா என்று தெரிந்துகொள். அப்புறம் கடன் வாங்கலாமா என்று யோசி. ‘பிரஷர் குக்கர்’ பார்த்தவர்கள் கூடவே இதையும் படித்துவிடுவது நல்லது. பாயசத்துக்குப் பிறகு ரசம் மாதிரி.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த மகனோ மகளோ “செஃப் ஆகப்போறேன்” என்று சொல்கிற வீடுகள் இப்போது நம் ஊரில் நிறைய. “அதை உங்க அம்மாகிட்டயே கத்துக்கலாமே” என்று அப்பா ஜோக் அடித்த காலம் போய்விட்டது. இப்போது அப்பாவே ஸ்காலர்ஷிப் தேடுகிறார். தேடட்டும். ஆனால் ‘ஐம்பது சதவிகிதம் ஸ்காலர்ஷிப்’ என்று ஒரு கல்லூரி மாலை போட வந்தால், மற்ற ஐம்பது எவ்வளவு என்று கேளுங்கள். முதல் வருஷத்துக்கு மட்டுமா, கடைசிவரைக்குமா? மார்க் குறைந்தால் பறிபோகுமா? கத்தி செட், யூனிஃபார்ம், ஹாஸ்டல் யார் கணக்கு? போன பேட்ச் பையன்கள் எந்த ஓட்டலில், என்ன சம்பளத்தில் நிற்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் ஸ்காலர்ஷிப் என்பது தள்ளுபடி விற்பனையின் இன்னொரு பெயர். ஆடி மாசம் ஜவுளிக்கடையில் பார்க்கிறோமே, அதுதான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டுப் படத்தைப் பாருங்கள் என்றும் சொல்வேன். காரணம் வில்மா டீச்சர். படம் எடுத்தவர்கள் சொல்ல நினைத்தது ஸ்காலர்ஷிப்பின் பெருமை. ஆனால் காமிரா தன்னையறியாமல் வேறொன்றைப் பிடித்துவிட்டது. உதவித்தொகைகள் எங்கேயோ இருக்கின்றன. அது இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகள் வேறெங்கேயோ இருக்கிறார்கள். நடுவில், கடைசித் தேதியை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஏழாவது பட்டை சரியாக விழவில்லை என்று இன்னொரு கிழங்கை எடுத்து நீட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பணக்காரப் பிள்ளைகளுக்கு அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தால்தான் உண்டு.

அப்படி ஒரு டீச்சர் உங்களுக்கு வாய்த்திருந்தால், படம் முடிந்ததும் ஒரு போன் போட்டுவிடுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.